பாலத்தின் நடுவில் நான்காம் பாகம்

பஹ்ரைனிலிருந்து கோபார் திரும்பும் பாலம்.
வெள்ளி இரவு, ஒன்றரை மணி.
முன்னால் கடல் நீளத்துக்குச் சிவப்பு விளக்குகள்.
வண்டிக்குள் நாலு பேர்,
குற்றவாளி நான்.
டிக்கெட் எடுத்தது நான்தானே.

"பேயே வராத பேய்ப்படத்துக்கு
ஆளுக்கு நாலு தினார்" என்கிறார் பாக்கர்.
"பாலத்து டோல் தனி" என்று பின்சீட்டிலிருந்து மிக்கேல்ராஜ்.
தவசீலன் ஒன்றும் சொல்லவில்லை.
காலி சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குகிறான்,
அதுவே போதும்.

'மூடாத அறை' முதல் பாகத்தில்
மரகதவல்லியைக் கொளுத்தினார்கள்.
இரண்டாம் பாகத்தில், ஞாபகமூட்ட, மறுபடி கொளுத்தினார்கள்.
மூன்றாவதில் லண்டன். பனி பெய்யப் பெய்ய
நெருப்பு, கிராஃபிக்ஸில், இன்னும் பெரிதாக.
மூன்று முறையும் நாம்
இதே பாலம் கடந்து போய்
பாப்கார்ன் தின்றுகொண்டு பார்த்தோம்.
இடைவேளைக்குப் பின் எழுந்து வந்து
அவள் நாலு கழுத்தைத் திருகினாள்.
விசிலடித்தோம். கணக்கு நேரானது.
வெளியே வந்து பிரியாணி சாப்பிட்டோம்.

நான்காவதில்
அந்த வீட்டுக்கு வாடகைக்கு வருகிறார் ஒரு கணக்கு வாத்தியார்.
அவ்வளவுதான் கதை, ஒப்புக்கொள்கிறேன்.
ரசம் வைக்கிறார். விடைத்தாள் திருத்துகிறார்.
ஊஞ்சல் ஆடவில்லை.
கிணற்றில் வாளி இறங்குகிறது, தண்ணீரோடு ஏறுகிறது.
"என்னப்பா, பேய்க்குக் கரண்ட் போச்சா?"
தியேட்டரில் ஒருவன் கத்தினான்.
நானும் சிரித்தேன்.

ஆனால் பாக்கர் பாய்,
அந்த ஐம்பதாவது நிமிஷம் இருக்கிறதே,
வாத்தியார் ஒரு தட்டு எடுத்து வைக்கிறார்,
யோசிக்கிறார்,
இன்னொரு தட்டு எடுத்து எதிரே வைக்கிறார்.
மேளம் இல்லை, வயலின் கீறல் இல்லை,
ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்.
அப்போது நீங்கள் எச்சில் விழுங்கியது
எனக்குக் கேட்டது.
மூன்று பாகமாக உங்களை
டமாலென்று அடித்துத்தான் பயத்தை வாங்கினார்கள்.
இங்கே நீங்களாக எடுத்துக் கொடுத்தீர்கள்.

"அது ஏசி குளிரு" என்கிறார் பாக்கர்.

சரி, குறையே இல்லை என்றா சொன்னேன்?
அந்த நாய் வரும் காட்சி அநாவசியம்.
பள்ளி ஆண்டுவிழாப் பாட்டை வெட்டியிருக்கலாம்.
கடைசியில் வாத்தியார் இருட்டைப் பார்த்து
"இருக்கியாம்மா?" என்று கேட்டதும்
பெயர்கள் ஓட ஆரம்பித்ததே,
அங்கே எனக்கே கொஞ்சம் ஆத்திரம்.

ஆனாலும் பாருங்கள்,
இந்தப் பாகத்தில்தான்
அவளை யாரும் எரிக்கவில்லை.
பதினோரு வருஷம்
அதே வீடு, அதே வெள்ளைப் புடவை,
அதே ராத்திரி ஷிஃப்ட்,
ஒரு நாள் லீவு கிடையாது.
இந்த டைரக்டர் ஒருத்தர்தான்
பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்து
ஃபைனல் எக்ஸிட் அடித்து அனுப்பியிருக்கிறார்.
நாம் காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்து
ஆள் எங்கே, ஆள் எங்கே என்கிறோம்
கஃபீல் மாதிரி.

வண்டி நாலடி நகர்ந்தது.
யாரும் பேசவில்லை.
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அஞ்சாம் பாகம் அறிவிச்சாச்சு,"
போன் வெளிச்சத்தில் மிக்கேல்ராஜ் முகம்.
"வேற டைரக்டர். அவ திரும்பி வாறாளாம்.
போஸ்டர்ல பாரு, என்னமா எரியுது."
பாக்கர் எட்டிப் பார்த்து
"இது படம்" என்றார்.

கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு கை நீண்டது.
நாலு பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன்.
குனிந்து நம் முகங்களை எண்ணினான்.
முத்திரை விழுந்தது, நாலு முறை.

தடுப்புக் கட்டை உயர்ந்தபோதுதான்
தவசீலன் வாய் திறந்தான்:
"அந்த ரெண்டாவது தட்டில
அவர் சோறு போட்டவரோ, இல்லையோ?"